இடம் கொடுத்தவர்கள்: மதுரையில் ஒரு செப்டம்பர்

வியாழன்

கோவில்பட்டியில் எழுத்தாளர்களுக்குப் பஞ்சம் கிடையாது. கி.ரா.வும் கு. அழகிரிசாமியும் பிறந்த இடைசெவல் எங்களுக்குப் பக்கத்து ஊர். அந்தப் பெருமையை வெளியூர்க்காரர்களிடம் சொல்லாமல் நாங்கள் விடுவதில்லை. ஆனாலும் புத்தகம் அள்ளிக்கொண்டு வரவும், நாலு பேர் பேசுவதை உட்கார்ந்து கேட்கவும் மதுரைக்குத்தான் ரயில் ஏற வேண்டியிருக்கிறது. தமுக்கத்தில் புத்தகத் திருவிழா நடக்கிறது. நாளைக்கு ஒரு விமர்சனக் கூட்டம். ஞாயிற்றுக்கிழமை செப்டம்பர் 14, மதுரைத் தமிழ்ச் சங்கம் தொடங்கிய தேதி. எல்லாம் ஒரே வாரத்தில் வந்து விழுந்ததால் லீவு போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

ஜங்ஷனில் அண்ணன் காத்திருந்தார். ஓய்வுபெற்ற தமிழாசிரியர், பல வருஷமாக இந்த ஊரில் இலக்கியக் கூட்டம் நடத்துகிறவர். பெயர் போடக் கூடாது என்று வண்டியில் ஏறும்போதே சொல்லிவிட்டார். "பேரப் போட்டீங்கன்னா இவன் விளம்பரத்துக்கு அலையிறான்ம்பாய்ங்க தம்பி." அதனால் இனி அவர் அண்ணன் மட்டும்தான்.

நேராக வடக்கு வெளி வீதிக்கு விட்டார். இன்று பாரதி நினைவு நாள். சேதுபதி பள்ளியில் இருக்கும் பாரதி சிலைக்கு மாலைக்கு மேல் மாலை. ஒரு அமைப்பு வரும், மாலை போடும், போட்டோ எடுக்கும், நகரும். அடுத்த அமைப்பு முந்தின மாலையைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டுத் தன்னுடையதைப் போடும். பாரதி இறந்தது 1921 செப்டம்பர் 11 நள்ளிரவு தாண்டி, அதாவது 12-ஆம் தேதி. அரசு 11-ஆம் தேதியை மகாகவி நாளாக வைத்திருக்கிறது. அண்ணனுக்கு இதில் பெரிய வருத்தமில்லை. "ரெண்டு நாளும் போடட்டும், பூக்காரம்மாவுக்கு யாவாரம்" என்கிறார்.

பாரதி இந்தப் பள்ளியில் வேலை பார்த்தது 1904 ஆகஸ்ட் 1 முதல் நவம்பர் 10 வரைதான். தற்காலிகத் தமிழாசிரியர். அப்புறம் சென்னையில் சுதேசமித்திரன் கூப்பிட்டது, போய்விட்டார். ஆனால் அதற்குச் சற்று முன்பு, அதே ஆண்டு ஜூலையில், மதுரையிலிருந்து வந்த விவேகபாநு பத்திரிகையில்தான் அவருடைய கவிதை முதன்முதலாக அச்சானது. 'தனிமை இரக்கம்' என்று தலைப்பு. பிற்காலத்துப் பாரதியை எதிர்பார்த்துப் படித்தால் ஏமாற்றம்தான். பண்டிதர்கள் கண்ணில் படவேண்டும் என்று எழுதிய நடை. மதுரை அப்போது அப்படிப்பட்ட ஊராக இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

இதே பள்ளியில்தான் 1901-இல் தமிழ்ச் சங்கத்தின் தொடக்கக் கூட்டமும் நடந்தது. நான் அதைச் சொன்னதும் அண்ணன் வண்டியை ஓரங்கட்டினார்.

"எழுதுறவன் எங்க உக்காந்தும் எழுதிருவான் தம்பி. நாலு பேரு கூடிப் பேசணும்னா எவனாச்சும் இடம் குடுக்கணும்ல? மதுர இலக்கியம்னு எழுதப் போறேன்ங்கிறீங்க. யாரு எழுதுனாங்கிறத அப்புறம் பாருங்க. யாரு எடம் குடுத்தாங்கிறதப் பாருங்க மொதல்ல."

சரி, அதையே பிடித்துக்கொள்வோம் என்று தோன்றியது. சாயங்காலம் மீனாட்சி கோயிலுக்குப் போனபோதும் அதுதான் மனசில் ஓடியது. போனை வெளியே கொடுத்துவிட்டுப் போனதால் படம் ஒன்றும் இல்லை. பொற்றாமரைக் குளத்தைச் சுற்றியுள்ள மண்டபத்தில் திருக்குறளைப் பளிங்கில் வெட்டிப் பதித்திருக்கிறார்கள். சங்கப் பலகை நூலின் தரம் பார்த்துப் புலவருக்கு இடம் கொடுத்ததாகக் கதை. அந்தக் கதையிலும் சண்டை உட்காரும் இடத்துக்குத்தான்.

ராத்திரி பதினொன்றரைக்கு இட்லி, குடல் குழம்பு. கடையில் கூட்டம் குறையவே இல்லை. மதுரைக்காஞ்சியில் மாங்குடி மருதனார் பகல் கடையையும் இரவுக் கடையையும் தனித்தனியாகப் பாடியிருப்பதன் நியாயம், இந்த ஊரில் பாதி ராத்திரியில் பசித்தவனுக்கு உடனே விளங்கும்.

வெள்ளி

காலையில் நாவலாசிரியர் ப. சிங்காரத்தைத் தேடிப் போனோம். தேடினோம் என்பதற்கு அதிகம் அர்த்தமில்லை. தேடிப் பார்க்க எதுவும் இல்லை. சிங்கம்புணரியில் 1920-இல் பிறந்தவர், பிள்ளைப் பருவத்தில் மதுரையில் படித்தவர், பிழைக்கப்போன இடம் இந்தோனேசியாவின் மேடான். போர் முடிந்து 1946-இல் திரும்பி வந்து, தினத்தந்தியின் மதுரைப் பதிப்பில் சேர்ந்து, 1987-இல் ஓய்வு பெற்றார். இத்தனை காலமும் தங்கியது ஒய்.எம்.சி.ஏ. விடுதியில், ஓர் அறையில், தனியாக. 'புயலிலே ஒரு தோணி'யை எழுதி முடித்த பிறகு பல ஆண்டுகள் பதிப்பிக்க ஆள் கிடைக்கவில்லை. 1972-இல்தான் புத்தகமாக வந்தது. வந்த பிறகும் உடனே யாரும் கொண்டாடவில்லை. அவர் 1997 டிசம்பரில் இறந்தார். சேர்த்து வைத்திருந்த பணத்தை ஏழைப் பிள்ளைகள் படிப்புக்கென்று கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

அந்த நாவலில் தென்கிழக்காசியப் போர்க்களத்துக்கு நடுவில் இருக்கும் ஒருவன் மதுரைத் தெருக்களை நினைத்துப் பார்க்கும் பக்கங்கள் உண்டு. விளக்குத்தூண் பக்கம் நடக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பக்கங்கள்தான் ஞாபகம் வரும். மதுரைக்குள் உட்கார்ந்து மதுரையை எழுதியவர்கள் நிறைய. இவ்வளவு தூரத்திலிருந்து அதைப் பார்த்த கண் சிங்காரத்துடையது மட்டும்தான் என்பது என் கட்சி.

"சிங்காரம் கூட்டத்துக்கெல்லாம் வருவாராண்ணே?"

"அவரு எங்க வந்தாரு. அவரத் தேடி ஒண்ணு ரெண்டு பேரு போவாய்ங்க. ஊர்ல இருக்கிறதே பாதிப் பேருக்குத் தெரியாது."

அண்ணனுடைய கணக்கில் இவர் சேரவில்லை. மேடையும் இல்லை, இடம் கொடுத்த புரவலரும் இல்லை, விடுதி வாடகையைத் தானே கட்டிக்கொண்டு இருந்த மனுஷர். எழுத்தாளர் ஜி. நாகராஜனும் அப்படித்தான். கணக்கு வாத்தியார், டுடோரியல்களில் பெரிய பெயர் எடுத்தவர். கடைசிக் காலத்தில் ஊரின் தெருக்களையே இருப்பிடமாக்கிக்கொண்டு 1981-இல் மதுரை அரசு மருத்துவமனையில் இறந்தார். ஊர் இன்று இந்த இரண்டு பேரையும் மேடைக்கு மேடை இழுக்கிறது. உயிரோடு இருந்தபோது ஒரு நாற்காலி போட்டதா என்று கேட்டால் அண்ணன் பேச்சை மாற்றுகிறார்.

மேல வெளி வீதியில் சர்வோதய இலக்கியப் பண்ணை, தானப்ப முதலி தெருவில் மீனாட்சி புத்தக நிலையம். ஜெயகாந்தன் புத்தகங்களைப் பதிப்பித்த மதுரைப் பதிப்பகம் இந்த இரண்டாவது. எங்கள் அப்பா காலத்தில் கடைக்கு வெளியே நின்று அட்டையைப் பார்த்துவிட்டு வருவார்களாம். விக்டோரியா எட்வர்டு மன்றமும் இந்தப் பக்கம்தான். அதன் அரங்கம்தான் ரீகல் தியேட்டர். அந்தக் காலத்தில் பகலில் வாசகசாலை, சாயங்காலம் இங்கிலீஷ் படம். மத்தியானம் பேப்பர் படித்த அதே கூரைக்குக் கீழே பொழுது சாய்ந்ததும் கௌபாய் சுட்டுக்கொண்டிருப்பான் என்று அண்ணன் சொல்லச் சொல்ல, அந்த ஏற்பாட்டை ஏன் எல்லா ஊர்களிலும் செய்யவில்லை என்று இருந்தது.

மாலைக் கூட்டம் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும்.

மாடியில் ஒரு சின்ன அரங்கம். அழைப்பில் ஐந்தரை மணி என்று போட்டிருந்தது. ஐந்தரைக்கு நான், அண்ணன், மைக்செட் பையன், ஃப்ளெக்ஸ் கட்ட ஏணி தேடிக்கொண்டிருந்த ஒருவர். ஆறு மணிக்குப் புத்தகத்தை எழுதியவரின் குடும்பம் மொத்தமும் வந்து முதல் வரிசையைப் பிடித்தது: அம்மா, மனைவி, மச்சினன், இரண்டு பிள்ளைகள், கைக்குழந்தையோடு ஒரு தங்கை. ஆறே முக்காலுக்கு அரங்கம் நிறைந்து சிலர் படியில் நின்றார்கள். இந்த ஊரில் கூட்டம் எப்போது சேர்கிறது என்பதைக் கண்ணால் பார்க்கவே முடியாது. டீ குடிக்கக் கீழே போய்விட்டு வருவதற்குள் சேர்ந்துவிடுகிறது.

புத்தகம், அரசுப் பேருந்தில் நடத்துநராக இருக்கும் ஒருவரின் முதல் சிறுகதைத் தொகுப்பு. பாராட்டுரை பேசியவர்கள் நூலை அதிகம் படித்திருக்கவில்லை என்பது, மூன்று பேரும் முதல் கதையைப் பற்றியே பேசியதில் தெரிந்துபோனது. நாலாவதாக எழுந்தவர் ஒரு விமர்சகர். கையில் குறிப்பு எழுதிய தாள்கள். தொகுப்பில் பாதிக் கதைகளுக்கு மேல் சாவில் முடிகின்றன, கதையை எங்கே விடுவது என்று தெரியாத இடத்தில் ஆசிரியர் ஆளைக் கொன்றுவிடுகிறார் என்று சொன்னார். முதல் வரிசையில் அம்மா மகனைத் திரும்பிப் பார்த்தார். அடுத்து காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்யும் ஒரு பெண் எழுந்து, "இந்தக் கதைகள்ல வர்ற பொம்பளைங்க எல்லாரும் அழுதுக்கிட்டே இருக்காங்களே, பஸ்ல சிரிச்சுக்கிட்டு வர்ற பொம்பளைய நீங்க பார்த்ததே இல்லையா?" என்று கேட்டார். சத்தமாகச் சிரித்தது நடத்துநரின் மனைவிதான்.

ஏற்புரைக்கு நடத்துநர் வந்தார். தாளில் எழுதி வைத்திருந்ததை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"சார் சொன்னது சரிதான். ஆனா என் பக்கத்தயும் சொல்லிர்றேன். பஸ்ல ஏர்றவுக எல்லாரும் பாதிக் கதையிலதான் எறங்கிப் போறாக. ஒரு அம்மா மூணு ஸ்டாப்பிங் அழுதுச்சு, நாலாவது ஸ்டாப்பிங்ல எறங்கிருச்சு. வீட்டுக்குப் போய் என்ன ஆச்சுன்னு எனக்கு எப்பிடித் தெரியும்? ராத்திரி படுத்தா அதுதான் ஓடுது. அதான் நானா ஒரு முடிவப் போட்டேன். இனிமே முடிவு போடாம விட்டுப் பாக்குறேன். தங்கச்சி கேட்டதுக்கு, சிரிக்கிற பொம்பளைகளும் ஏர்றாக. அவுக எங்கிட்டப் பேச மாட்டாகளே."

அத்தனை கைதட்டல். விமர்சகரும் தட்டினார். நன்றியுரை முடியும் முன்பே வெளியே அடுத்த விவாதம் ஆரம்பித்துவிட்டது. அது நள்ளிரவு வரை டீக்கடையில் போனது. விமர்சகரும் நடத்துநரும் ஒரே பெஞ்சில்.

கூட்டம் கலைந்த பிறகு அண்ணன் ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்து எழுதினார். மைக், டீ, வடை, ஃப்ளெக்ஸ், பேச வந்தவருக்குப் பஸ் சார்ஜ், அரங்கத்துக்கு. பொன்னாடை கிடையாது, புத்தகம்தான். செலவை நாலைந்து பேர் பங்கிட்டுக்கொண்டார்கள். ஒருவர் இல்லை என்று போன மாதமும் சொன்னாராம், அவர் பெயருக்கு நேராக ஒரு புள்ளி. மதுரையில் இப்படிப்பட்ட கூட்டங்கள் பெரும்பாலும் சங்கத்துக்காரர்கள் புண்ணியத்தில்தான் நடந்திருக்கின்றன. காக்காத்தோப்புத் தெரு மூட்டா அரங்கம் கல்லூரி ஆசிரியர்கள் சங்கத்துடையது. அங்கே நடக்காத இலக்கியச் சண்டை இல்லை. இடதுசாரிகளின் செம்மலர் இதழ் 1970-இல் தொடங்கியது இந்த ஊரில். நெருக்கடி நிலை வந்து மூன்று வாரம்கூட ஆகாத 1975 ஜூலையில் முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தை ஆரம்பித்ததும் இந்த ஊரில்தான். கூடிப் பேசவே பயந்த நேரத்தில் கூடுவதற்கு யாரோ ஒரு கதவைத் திறந்துவிட்டிருக்கிறார்கள்.

கட்சிக்காரர்கள் இடம் கொடுத்தால் பேச்சும் கட்சிப் பேச்சாகாதா என்று கேட்டேன். ஆகத்தான் ஆகும், ஆனால் எதிர்த்துப் பேசுகிறவனும் அதே நாற்காலியில்தான் உட்கார வேண்டியிருக்கும் என்றார் அண்ணன். எனக்கு முழுசாக ஒப்பவில்லை. அழைப்பே வராதவன் எந்த நாற்காலியில் உட்காருவான்?

சனி

புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம். 2023 ஜூலை 15 அன்று திறந்தது. கீழ்த்தளமும் தரைத்தளமும் போக ஆறு மாடி, இரண்டு லட்சம் சதுர அடிக்கு மேல். வாசலில் நுழைந்ததும் குளிர். பிள்ளைகள் பகுதியில் சத்தம் போட விடுகிறார்கள், அது ரொம்பப் பிடித்தது. கூட்டம் அதிகம் இருப்பது போட்டித் தேர்வுப் பகுதியில். உசிலம்பட்டியிலிருந்தும் மேலூரிலிருந்தும் காலையிலேயே பஸ் ஏறி வந்து, சாப்பாட்டு டப்பாவோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள்.

தமிழ் இலக்கிய அடுக்குகளுக்கு நடுவே ஒரு மணி நேரம் நடந்தேன். ஆள் குறைவுதான். இதைச் சொல்லி 'வாசிப்பு அழிந்துவிட்டது' என்று புலம்ப ஆட்கள் தயாராக இருப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. குரூப் நாலு தேர்வுக்கு நற்றிணையின் ஆசிரியர்களை மனப்பாடம் செய்யும் பெண், பரீட்சை முடிந்த அடுத்த வாரம் அதே புத்தகத்தைச் சும்மா பிரித்துப் பார்க்க வாய்ப்பு இருக்கிறது. அதற்குப் புத்தகம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். சிம்மக்கல் மாவட்ட மைய நூலகத்தில் அந்தக் காலத்தில் அப்படித்தான் பலர் இலக்கியத்துக்குள் வழிதவறி வந்தார்கள்.

அரசாங்கம் இடம் கொடுக்கும்போது தாராளமாகக் கொடுக்கிறது, ஆனால் அவசரப்படுவதில்லை. உலகத் தமிழ்ச் சங்கம் என்ற அறிவிப்பு 1981-இல் மதுரையில் நடந்த ஐந்தாம் உலகத் தமிழ் மாநாட்டில் வந்தது. சொந்தக் கட்டடம் திறந்தது 2016-இல். அந்த மாநாட்டில் பேசிவிட்டு நெஞ்சுவலி வந்து, சில நாட்களில் இதே ஊரில் இறந்துபோனார் தேவநேயப் பாவாணர்.

தமுக்கத்துக்கு ஆட்டோ பிடித்தேன். பேச்சுக் கொடுத்ததில் நான் இலக்கியக் கூட்டம் கேட்க வந்தவன் என்று தெரிந்ததும் டிரைவர் கேட்ட முதல் கேள்வி: "பாப்பையா அய்யா வர்றாரா?" இல்லை என்றேன். "அப்பறம் என்ன கூட்டம்?" என்று முடித்துவிட்டார். சாலமன் பாப்பையா அமெரிக்கன் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர், 2021-இல் பத்மஸ்ரீ. மாடி அரங்கத்துக்காரர்கள் பட்டிமன்றத்தை இலக்கியமாகவே சேர்ப்பதில்லை. ஆனால் ஆட்டோக்காரர் சாலையைப் பார்த்தபடியே எனக்குக் கம்பன் பாட்டு இரண்டு வரி சொன்னார், திருத்தமாக. எங்கே படித்தீர்கள் என்றால், "படிக்கலண்ணே, கேட்டது. எங்க தெரு முளைப்பாரி விசேஷத்துல போட்ட பட்டிமன்றத்துல." மாரியம்மன் கோயில் திடல் கொடுத்த இடம் அது. அண்ணனிடம் இதைச் சொல்ல வேண்டும்.

புத்தகத் திருவிழா முன்பு தமுக்கம் மைதானத்தில் தகரக் கொட்டகையில் நடக்கும். மழை வந்தால் பதிப்பாளர்கள் தார்ப்பாயோடு ஓடுவார்கள். இப்போது அந்த இடத்தில் மாநாட்டு மையம் கட்டி, எல்லாம் உள்ளே, ஏசியில். பதிப்பாளர்கள் சங்கமான பபாசியும் மாவட்ட நிர்வாகமும் சேர்ந்து நடத்துகின்றன. பத்து சதவீதக் கழிவு, வழக்கம்போல. சனிக்கிழமை என்பதால் குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். சமையல், ஜோதிடம், வரையும் புத்தகம், போட்டித் தேர்வு வழிகாட்டி வைத்திருக்கும் கடைகளில் நிற்க இடமில்லை. மண் உண்டியலை உடைத்துச் சில்லறையோடு வந்திருந்த ஒரு பையன் டைனோசர் படப் புத்தகத்துக்குக் காசு எண்ண, கடைக்காரர் பொறுமையாகக் கூடவே எண்ணினார். சிறு பதிப்பகக் கடை ஒன்றில் நேற்றைய நடத்துநர் நின்றுகொண்டிருந்தார். டியூட்டி முடித்து நேராக வந்தவர், காக்கிச் சட்டையைக்கூட மாற்றவில்லை. தன் புத்தகத்தை வேறு யாரோ எடுத்துப் புரட்டினால் சட்டென்று பக்கத்துக் கடைக்கு நகர்ந்துவிடுகிறார்.

மாலைச் சொற்பொழிவு நிரம்பி வழிந்தது. பாதிப் பேர் கேட்டார்கள், மீதிப் பேர் பஜ்ஜிக்குப் போகும் வழியில் நின்றார்கள். பேச்சைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பஜ்ஜி நன்றாக இருந்தது.

ஞாயிறு

விடியும் முன்பே கிளம்பிக் கீழக்குயில்குடி சமணர் மலை. அடிவாரத்தில் அய்யனார் கோயில், தாமரைக் குளம், ஆலமரம். எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் முன்னெடுத்த 'பசுமை நடை' இந்த மலைகளுக்குத்தான் ஆட்களைக் கூட்டி வருகிறது. யானைமலையை வெட்டிச் சிற்ப நகரம் ஆக்கும் பேச்சு 2010-இல் எழுந்தபோது, அதற்கு எதிராகக் கிளம்பிய வேகத்தில் பிறந்த அமைப்பு. தொல்லியல் அறிஞர் சாந்தலிங்கம் கல்வெட்டுகளை விளக்க, குழந்தைகள் முதல் கிழவர்கள் வரை பாறையில் உட்கார்ந்து கேட்பார்கள். முடிந்ததும் எல்லாருக்கும் காலைச் சாப்பாடு. ஒரு இலக்கியவாதி ஊர்க்காரர்களைத் தங்கள் ஊரையே போய்ப் பார்க்க வைத்ததில், எனக்கு எந்த நாவலுக்கும் குறையாத மரியாதை உண்டு. இன்றைக்கு நடை ஏதும் இல்லை. நாங்கள் பாட்டுக்கு ஏறினோம்.

செட்டிப்புடவில் பெரிய மகாவீரர். பேச்சிப்பள்ளத்தில் வரிசையாக எட்டுச் சிற்பங்கள், கீழே வட்டெழுத்து. ஒவ்வொன்றிலும் இந்தத் திருமேனியைச் செய்வித்தவர் இன்னார் என்று பெயர். செதுக்கிய தச்சன் பெயர் தேடினால் கிடைக்காது, செய்யச் சொன்னவர் பெயர் ஆயிரம் வருஷம் தாண்டி நிற்கிறது. அண்ணனுக்குக் குஷி. மூச்சு வாங்கிக்கொண்டே அடுத்ததை ஆரம்பித்தார்.

"மாங்குளம் போயிருக்கீங்களா?"

யானைமலைக்கு அந்தப் பக்கம், மீனாட்சிபுரத்தில் ஏற வேண்டிய குன்று. அங்கே தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளை 1882-இல் ராபர்ட் சிவெல் கண்டார். அதில் இருப்பது தமிழ் என்று 1924-இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் படித்துக் காட்டினார். கி.மு. இரண்டாம் நூற்றாண்டு என்பது ஐராவதம் மகாதேவன் கணிப்பு. தமிழ் எழுத்துச் சான்றுகளில் மிகப் பழையவற்றில் ஒன்று. என்ன சொல்கிறது? நெடுஞ்செழியனின் ஆள் ஒருவன் கணிநந்தி என்ற துறவிக்குக் குகையில் படுக்கை வெட்டிக் கொடுத்தான் என்கிறது. அவ்வளவுதான்.

"யாரு யாருக்கு எடம் குடுத்தாங்கிற ரசீது தம்பி அது" என்றார் அண்ணன், ஏதோ அவரே வெட்டி வைத்த கல்வெட்டு மாதிரி.

மதியத்துக்கு மேல் தமிழ்ச் சங்கம் சாலை. பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் மதுரைக்கு வந்த இடத்தில் திருக்குறளுக்கும் கம்பராமாயணத்துக்கும் ஒரு பிரதி கேட்க, ஊருக்குள் கிடைக்கவில்லையாம். அந்த ஆத்திரத்தில் சங்கம் தொடங்கினார் என்பது எல்லாரும் சொல்லும் கதை. தேதியும் இடமும் கதை இல்லை: 1901 செப்டம்பர் 14, சேதுபதி பள்ளி, கூட பாஸ்கர சேதுபதி. மறுவருஷக் கடைசியில் 'செந்தமிழ்' இதழ், ரா. இராகவையங்கார் முதல் ஆசிரியர். பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என்று தேர்வு வைத்தார்கள். பல்கலைக்கழகம் பார்க்காத எத்தனையோ பேர் அதை எழுதித் தமிழாசிரியர் ஆனார்கள். அண்ணனுடைய வாத்தியாருடைய வாத்தியார் அப்படி வந்தவராம். வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனிக்கும் இதே தேவர்தான் தலைவராக இருந்தார். 1911-இல் போய்ச் சேர்ந்தபோது வயது ஐம்பதுகூட ஆகவில்லை.

ஜமீன் கொடுத்த இடத்தில் யாருக்கு உட்கார அனுமதி இருந்தது என்ற கேள்வியை நான் விடவில்லை. பண்டிதர்களுக்கு இருந்தது. நேற்றுக் காக்கிச் சட்டையில் பார்த்தவருக்கு இருந்திருக்குமா? பெண்களுக்கு? அண்ணன் உடனே பதில் சொல்லவில்லை. செந்தமிழ்க் கல்லூரி வாசலில் நின்று ஆளுக்கொரு பருத்திப்பால் குடித்தோம். பாதி தம்ளரில்தான் பேசினார்.

"இருந்திருக்காது. அதுக்குத்தான தம்பி அப்பறம் வந்தவன் வேற எடம் பிடிச்சான். ஒரே எடத்துலயே எல்லாரும் உக்காந்திருந்தா இத்தன கூட்டம் எதுக்கு?"

திங்கள்

மத்தியானம் பஸ். அதற்குள் தெப்பக்குளம் பக்கம் தியாகராசர் கல்லூரியை வெளியிலிருந்து ஒரு சுற்று. மில் முதலாளி கருமுத்து தியாகராசர் 1949-இல் தொடங்கியது. பஞ்சாலைப் பணம் தமிழுக்குக் கொடுத்த இடம் என்று அண்ணன் நோட்டில் ஏற்றிக்கொள்ளலாம். ஔவை துரைசாமிப் பிள்ளை இங்கே பாடம் சொன்னார். இலக்குவனார் இங்கே பேராசிரியராக இருந்தபோதுதான் 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் கைதானார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் அப்துல் ரகுமான், நா. காமராசன், இன்குலாப். பண்டிதர்கள் பாடம் எடுத்த வகுப்பிலிருந்து புதுக்கவிதைக்காரர்கள் கிளம்பி வந்திருக்கிறார்கள். இடம் கொடுத்தவர் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார்.

பஸ் நிலையத்தில் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தபோது அண்ணன் கேட்டார், "கோவில்பட்டியில ஒரு கூட்டம் போடுவமா? கண்டக்டர் தம்பிய நான் கூட்டியாறேன். அவருக்கு அந்த ரூட்டுல ஓசி டிக்கெட்டு வேற."

"இடம்?"

அவர் பதில் சொல்லாமல் என்னையே பார்த்தார். எங்கள் வீட்டு மொட்டை மாடி அவருக்குத் தெரியும். போன பொங்கலுக்கு வந்திருந்தார்.

திருமங்கலம் தாண்டும்போது வீட்டுக்குப் போன் போட்டேன். மாடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சும்மா ஒரு முப்பது பேர், கதை பற்றிப் பேச, என்று மெதுவாக ஆரம்பித்தேன். கொஞ்ச நேரம் எதிர்முனையில் சத்தமே இல்லை.

"டீ மட்டுமா, வடையுமா?" என்றாள்.